மூன்று கோடுகளையும் மறைக்காமல் வரைந்த ஜமீலா அம்மையாருக்கு

ஆவடி–பூந்தமல்லி சாலையில் அமைந்த எங்கள் மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியையாய்ப் பணிபுரிந்து, இந்த 1998ஆம் ஆண்டின் கோடையில் பணிநிறைவு பெறும் பெருமதிப்பிற்குரிய அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உவந்தளிக்கும் பாராட்டு மடல்.

எண்களை நேசித்த இன்முகமே! ஏட்டைத் திறக்கத் தயங்கிய பிள்ளைகளுக்கு ஏணியாய் நின்றவரே! பொய்யாய் ஒரு புள்ளி கூட வைக்கத் தெரியாத பொற்கரமே! ஜமீலா அம்மையார் அவர்களே! வணக்கம்.

தங்கள் முகம் பார்த்துத் தங்களைப் புகழ்ந்தால் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொள்வீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆதலால் தங்கள் கதையை இந்த அவைக்குச் சொல்லப் போகிறோம். தாங்கள் யாரோ ஒருவருடைய கதையைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருந்தால் போதும்.

அவையோரே! அம்மையார் கணக்குப் பாடம் நடத்தவே இங்கு வந்தார். குமணன்சாவடியிலிருந்து காலைப் பேருந்தில் வந்து இறங்குவார். மணி அடிக்கும் முன்பே கரும்பலகையில் அன்றைய கணக்கு காத்திருக்கும். 1981ஆம் ஆண்டில் ஒருநாள் எட்டாம் வகுப்பில் ஒரு கணக்கை எழுதிப் போட்டார். ஒரு வண்டியில் இருநூறு செங்கல் ஏற்றலாம். ஆயிரத்து இருநூறு செங்கல்லைக் கொண்டுபோக அந்த வண்டி எத்தனை முறை போய்வர வேண்டும்? வகுப்பில் பாதிப் பேர் பேனாவைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்கள். வகுத்தலை மறந்துவிட்டார்களோ என்று எண்ணி, அதே கணக்கை வெறும் எண்களாக எழுதினார். அத்தனை பேரும் கண்மூடித் திறப்பதற்குள் போட்டு முடித்துவிட்டார்கள்.

"பின்னே முதல்ல ஏன் போடல?" என்று கேட்டார். முன் வரிசையில் இருந்த புஷ்பா என்னும் மாணவி எழுந்து நின்றாள்.

"வகுத்தல் தெரியும் டீச்சர். அதுல இன்னா கேட்டுகீறாங்கன்னுதான் புரில."

அன்று மாலை வீடு போய்ச் சேரும்வரை அந்த ஒரு பதில் அம்மையாரின் காதை விட்டு அகலவில்லை. எட்டு ஆண்டுகள் பள்ளிக்கு வந்த பெண் இரண்டு வரியை வாசித்துப் பொருள் கொள்ள முடியாமல் நிற்கிறாள்; நாமோ அவளுக்குக் கணக்கு வரவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவர் தமிழாசிரியர் பரந்தாமனிடம் போனார். "சார், எந்தப் பாடப்புத்தகத்துலயும் இல்லாத மாதிரி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. சின்னப் பிள்ளைக்கும் புரியணும், பெரிய பிள்ளையும் கொஞ்சம் யோசிக்கணும்" என்றார். பரந்தாமன் ஐயா, ஏரிக்கரையில் தொலைந்துபோன எருமையைத் தேடிப் போகும் ஒருவரைப் பற்றி எழுதித் தந்தார். எருமை எந்தப் பக்கம் போனது என்ற கேள்விக்கு விடை வரியிலேயே இருந்தது. தேடிப்போனவர் பாதி வழியில் சிரித்துக்கொண்டே ஏன் திரும்பினார் என்ற கேள்விக்கோ, முழுவதையும் வாசித்து மனத்தில் ஓட்டிப் பார்த்தால்தான் விடை கிடைக்கும்.

அந்தப் பக்கத்தை நான்காம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் வாசித்தன. ஒன்பது வயதும் பதின்மூன்று வயதும் பதினேழு வயதும் ஒரே எருமையைத் தேடின! அதே பக்கத்தை, அதே கேள்விகளோடு, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில் கொடுத்து வாசிப்பை அளப்பது என்று அம்மையார் முடிவு செய்தார். இன்று நான்காவதில் இருக்கும் பிள்ளை அடுத்த அளவையில் எட்டாவதிலும், அதற்கடுத்ததில் பன்னிரண்டிலும் இருக்கும் அல்லவா? ஒரு வகுப்பையும் பார்க்கலாம், வளரும் ஒரு தலைமுறையையும் பார்க்கலாம். மூன்று வகுப்பின் சராசரி மதிப்பெண்ணுக்கும் மூன்று நிறத்தில் கோடு வரைந்து, எல்லோரும் பார்க்கும்படி ஆசிரியர் அறைச் சுவரில் அவர் ஒட்டினார். யாருக்கும் அதில் அக்கறை இருக்கவில்லை. கணக்கு டீச்சருக்கு வேறு வேலை இல்லை என்று சிலர் சிரித்தார்கள்.

அளப்பதற்கு அஞ்சாத அம்மையே!

1982இல் சத்துணவு வந்தது. அதுவரை சூளையிலும் வயலிலும் தாயோடு திரிந்த பிள்ளைகள் தட்டோடும் பலகையோடும் பள்ளிக்குள் வந்தார்கள். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸிலிருந்து தலைவாரிப் பொட்டிட்டு வரும் பிள்ளைகளுக்கு அருகே அவர்களும் உட்கார்ந்தார்கள். வகுப்பறைகள் நெரிந்தன. 1985இல் இரண்டாம் அளவை நடந்தபோது, நான்காம் வகுப்பின் கோடு சறுக்கு மரத்தில் சறுக்குவதுபோலக் கீழே இறங்கியது.

சிரித்தவர்கள் இப்போது சுவரருகே கூடினார்கள். செய்தி பள்ளி மதிலைத் தாண்டிக் குவார்ட்டர்ஸுக்குப் போயிற்று. பெற்றோர் கழகத் தலைவராய் இருந்த ராஜசேகரன், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நேர்மையானவர், மகன் படிப்பின்மேல் உயிரை வைத்திருந்தவர். புதிதாய் வந்த பிள்ளைகளைத் தனிப் பிரிவில் வைக்க வேண்டும் என்று அவர் எழுதிக் கொடுத்தார். தாளாளர் கூட்டத்துக்கு நாள் குறித்தார். யார் யார் அந்தப் பிரிவுக்குப் போவார்கள் என்பதும் தாளாளர் மனத்தில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

தாம் வரைந்த கோடே பிள்ளைகளுக்குக் கதவடைக்கப் போகிறது என்று அறிந்த அன்று, குமணன்சாவடி நிறுத்தத்தில் இறங்கிய அம்மையார் வீட்டுப் பக்கம் நடக்கவில்லை. பெங்களூர் நெடுஞ்சாலையில் லாரிகள் புழுதி வாரி இறைத்துப் போக, நிறுத்தத்துக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அளக்காமலே இருந்திருந்தால் இந்தப் பிள்ளைகள் எப்படியோ தேறியிருப்பார்களே என்று மனம் அடித்துக்கொண்டது. சுவரிலிருந்து அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்றுகூட அவருக்குத் தோன்றியது. ஆனால் அவர் கணக்கு ஆசிரியை. விடை தவறாகத் தோன்றினால் தாளைக் கிழிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. கணக்கை மறுபடி போட்டுப் பார்ப்பார். நான்கு ஆண்டுக்கு முன் அந்த வகுப்பில் யார் இருந்தார்கள், இப்போது யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கினார்.

கூட்டம் நடந்த சனிக்கிழமை காலையில் பெரிய வகுப்பறை நிறைந்திருந்தது. முதலில் எழுந்தவர் ராஜசேகரன்.

"டீச்சரம்மா, நான் யாரையும் கொறச்சுப் பேசல. மதுரைப் பக்கமிருந்து இம்புட்டுத் தூரம் வந்து கெடக்குறதே புள்ளைக படிப்புக்குத்தான். படிப்பு எறங்கிப்போச்சுன்னு உங்க கோடே சொல்லுது. அதத்தான் நானும் கேக்குறேன்."

கடைசி வரிசையில், சூளை வேலைக்குப் போகாமல் வந்திருந்த வேம்புலியம்மாள் எழுந்தார். அவருடைய மகள் முனியம்மா நான்காம் வகுப்பு.

"எம் பொண்ணு இப்பத்தான் எழுத்துக் கூட்டுது சார். பக்கத்துல படிக்கிற புள்ளயப் பாத்துகினுதான் அதுவும் படிக்குது. தனியா குந்த வெச்சிட்டா அது யாரப் பாத்துப் படிக்கும்?"

அம்மையார் எழுந்து கரும்பலகைக்குப் போனார். நான்காம் வகுப்பை இரண்டாகப் பிரித்து எழுதினார். முன்பிருந்தே பள்ளிக்கு அனுப்பிவந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஒரு பக்கம். சத்துணவுக்குப் பிறகு வந்தவர்கள் மறுபக்கம்.

"இந்தப் பக்கம் பாருங்க. உங்க பிள்ளைங்க எறங்கல. போன தடவையைவிடக் கொஞ்சம் ஏறியிருக்காங்க. அந்தப் பக்கம் இருக்கிற பிள்ளைங்க கம்மியா வாங்கியிருக்காங்க, உண்மைதான். ஆனா போன தடவை இவங்க மாதிரிப் பிள்ளைங்க இந்தக் கணக்குலயே இல்ல. வெளியில இருந்தாங்க. எழுத்தே தெரியாம இருந்தாங்க. இன்னைக்கு எருமை எந்தப் பக்கம் போச்சுன்னு படிச்சுச் சொல்றாங்க. ரெண்டு பேருமே ஏறியிருந்தும், சேர்த்துச் சராசரி எடுத்ததுல கோடு எறங்கின மாதிரி தெரியுது. அவ்வளவுதான் நடந்திருக்கு."

ராஜசேகரன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு பலகையையே பார்த்தார். அம்மையார் அத்தோடு நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை.

"நிஜமாவே பயப்பட வேண்டியது எட்டாவதைப் பார்த்து. போன அளவையில நாலாவதுல இருந்த அதே பிள்ளைங்கதான் இப்ப எட்டாவதுல இருக்காங்க. நடுவுல நாலு வருஷம் போயிருக்கு; வாசிப்புல ஒரு வருஷம்கூட வளரல. உங்க பையனும் அதுல இருக்கான் சார். ஐந்தாவதுக்கு மேல அவங்களா எதையும் வாசிக்கிறதே இல்ல. நாம சொல்லச் சொல்ல நோட்ஸ் எழுதுறாங்க, மனப்பாடம் பண்றாங்க. அந்தக் குத்தம் எங்களுது."

ஆசிரியர்கள் இருந்த பக்கம் நாற்காலிகள் நெளிந்தன. தினமும் ஒரு பாடவேளை நோட்ஸ் இல்லாமல், ஆசிரியர் வாய்திறக்காமல், பிள்ளைகள் தாமே வாசிக்கட்டும் என்று அம்மையார் கேட்டார். அடுத்த அளவையில் ஏறாவிட்டால் பிரிவு பிரிக்கும் தாளில் தாமே முதலில் கையெழுத்திடுவதாக வாக்கும் கொடுத்தார். அரசுத் தேர்வுக்குப் பயந்து மேல்நிலை வகுப்புகளை மட்டும் விலக்கிவிட்டு, தாளாளர் சம்மதித்தார்.

வாசிக்கலாம், சரி, எதை வாசிப்பது? நூலகம் என்று நாங்கள் அழைத்தது பூட்டிய ஓர் அலமாரி. பிள்ளைகள் உர மூட்டையில் அச்சிட்டிருந்ததை வாசித்தார்கள். பொட்டலம் கட்டிய செய்தித்தாளை நீவிவிட்டு வாசித்தார்கள். சுவரொட்டியைப் பார்த்து எழுதிக்கொண்டு வந்து வாசித்தார்கள். ஒரு திங்கட்கிழமை ராஜசேகரன் சைக்கிளின் பின்னால் குவார்ட்டர்ஸ் மனமகிழ் மன்றத்துப் பழைய வார இதழ்களைக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். "எடைக்குப் போடப் போனாங்க. நான்தான் மறிச்சேன்" என்று சொல்லிவிட்டு, நன்றியைக் கேட்க நிற்காமல் பணிக்குப் போய்விட்டார்.

1987இல் பெரும் சோதனை வந்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி குறைந்தது. வரலாற்றுப் பாடத்தில் மிகவும் குறைந்தது. வாசிப்பு வேளையை நிறுத்திவிடத் தாளாளர் ஆணையைத் தட்டச்சு செய்யச் சொல்லிவிட்டார். நோட்ஸ் இல்லாமல் பாடம் நடத்த முடியாது என்று தொடக்கத்தில் மிகவும் எதிர்த்தவர் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ். ஆகவே அவர் தாளாளர் அறைக்குள் நுழைந்ததைப் பார்த்து, கதை முடிந்தது என்றே அம்மையார் நினைத்தார்.

"கொறஞ்சது என் பாடத்துலதான் சார். நோட்ஸை நிறுத்தினேன், கேள்விக்கு எவ்ளோ எழுதணும்னு பழக்கல. அது என் தப்பு, வாசிப்போட தப்பு இல்ல. பசங்க இப்ப சொந்தமா எழுதுறாங்க சார். இத்தனை வருஷமா ஒரே பதிலைத் திருத்தித் திருத்திக் கண்ணு பூத்துப்போன எனக்கு அதோட அருமை தெரியும். இன்னொரு வருஷம் குடுங்க" என்றார் ஜேம்ஸ்.

வெளியே வந்தவரை அம்மையார் நம்பமுடியாமல் பார்த்தார். "இன்னா டீச்சர், அப்டிப் பாக்குறீங்க? டீ சொல்லுங்க" என்றார் அவர். அடுத்த ஆண்டு தேர்ச்சி பழைய நிலைக்கு வந்தது. அதற்கு மறு ஆண்டு அதையும் கடந்தது.

மறைக்க அறியாத மாண்பே!

1989இல் மூன்றாம் அளவை. நான்காம் வகுப்பின் கோடு நிமிர்ந்தது. எட்டாம் வகுப்பின் கோடோ துள்ளி ஏறியது! முன்பு கோட்டைக் கீழே இழுத்ததாய்ப் பழிசுமந்த அதே பிள்ளைகள்தாம் இப்போது எட்டாவதில் இருந்தார்கள். முனியம்மா, தேடிப்போனவர் ஏன் சிரித்தார் என்பதற்கு, "எருமை மேய்ஞ்சிட்டு அவருக்கு முன்னாடியே ஊட்டுக்குப் போய்டுச்சு, காலடி ஊட்டுப் பக்கம் திரும்பிகினு கீது" என்று தன் பேச்சிலேயே எழுதியிருந்தாள். பரந்தாமன் ஐயா அதற்கு முழு மதிப்பெண் போட்டுவிட்டு, அந்தத் தாளைத் தலைமையாசிரியருக்கும் காட்டினார்.

ஆனால் பன்னிரண்டாம் வகுப்பின் கோடு அசையவே இல்லை. எட்டு ஆண்டுக்கு முன் நின்ற இடத்திலேயே நின்றது. ஆண்டு விழாவில் வைக்கும் படத்தில் அந்த ஒரு கோட்டை விட்டுவிடலாமே என்று தலைமையாசிரியர் தயக்கத்தோடு சொன்னார். "ஏறினதைக் காட்டத்தான் இவ்வளவும் செஞ்சோமா சார்? மூணையும் வரைவோம்" என்றார் அம்மையார்.

விழாவன்று அந்தப் படத்தின் முன் ராஜசேகரன் நெடுநேரம் நின்றார். பிறகு அம்மையாரிடம் வந்தார்.

"அசையாம நிக்குதே, இது எம் பையன் வகுப்புதானே?"

"ஆமாங்க."

"அன்னைக்கு அவனுக்காகத்தான் நான் சண்டை போட்டேன். கடைசில எல்லாப் புள்ளைகளும் ஏறிருச்சு, அவனுக்கு மட்டும் பிந்திப்போச்சா?"

சமாதானம் சொல்லி அனுப்ப அம்மையாருக்கு மனம் வரவில்லை. அந்தத் தகப்பனின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. "பிந்தித்தான் போச்சுங்க. பதினொண்ணாவதுல நாங்க மறுபடியும் நோட்ஸுக்குள்ள தள்ளிட்டோம். ஆனா வாசிக்கிறதுக்கு வயசு முடிஞ்சுபோறது இல்ல. சனிக்கிழமை அனுப்புங்க" என்றார். அந்த ஆண்டு முழுதும் சனிக்கிழமைகளில் மீசை அரும்பிய பையன்கள் வந்து வாசித்தார்கள். மேல்நிலை வகுப்புகளுக்கும் வாசிப்பு வேளை வேண்டும் என்று அடுத்த கூட்டத்தில் எழுதிக் கொடுத்தவர், பெற்றோர் கழகத் தலைவர் ராஜசேகரனேதான்.

1993இல் மூன்றாவது கோடும் நகர்ந்தது. முனியம்மா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவள் இன்று திருமழிசைத் தொழிற்பேட்டையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள். இந்த அரங்கில், தாயோடு மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கிறாள்.

அவையோரே! இதோடு முடித்தால் மடல் இனிக்கும். ஆனால் அம்மையார் மடலில்கூட எதையும் மறைத்துச் சொல்ல விடமாட்டார். சென்ற ஆண்டு நடந்த ஐந்தாம் அளவையில் நான்காம் வகுப்பின் கோடு மறுபடியும் இறங்கியது. அந்த வகுப்பின் ஆசிரியை பொன்னம்மாள் முகத்தை மூடிக்கொண்டு அழுதுவிட்டார். தாளைக் கையில் வாங்கிய அம்மையாரின் முகம் மலர்ந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

"ஏம்மா அழறே? கோடு எறங்கினா மொதல்ல வாசக் கதவைப் பாரு. யாரோ புதுசா உள்ள வந்திருக்காங்க."

வந்துதான் இருந்தார்கள். வேப்பம்பட்டுப் பக்கம் புதிய மனைகளில் வீடு கட்ட ஆந்திரத்திலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், ஓர் ஆண்டாக நம் வகுப்பில் இருந்தார்கள். அம்மையார் வகுப்பை மீண்டும் இரண்டாய்ப் பிரித்துக் கணக்குப் போட்டார். இம்முறை பழைய பிள்ளைகளும் சற்றே இறங்கியிருந்தார்கள். அதற்குக் காரணம் எங்களுக்கு இன்னும் தெரியவில்லை. மாலை முழுதும் ஓடும் தொலைக்காட்சியா, பெருத்துப்போன வகுப்புகளா, எங்கள் மெத்தனமா என்று தேட வேண்டும். "தெரியலன்னு எழுது பொன்னம்மா. கண்டுபிடிச்சப்புறம் மாத்தி எழுதிக்கலாம்" என்றார் அம்மையார். அன்று மாலையே தெலுங்குப் பிள்ளைகள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, எருமைக்கு அவர்கள் மொழியில் என்ன சொல் என்று கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்பிற்குரிய அம்மையே! கதை கேட்டது போதும். இனித் தங்களிடமே பேசுகிறோம்.

காலையில் அவசரமாய்ப் பேருந்து பிடிக்கும் கவலை இனித் தங்களுக்கு இல்லை. கண்ணொளி குன்றாமல், கால்வலி அண்டாமல், பேரப்பிள்ளைகளின் குரல் சூழ, நெடுநாள் நலமோடும் நிறைவோடும் தாங்கள் வாழ வேண்டும். தங்களுக்குப் பிடித்த கணக்குகளையும் கதைகளையும் தங்களுக்காகவே வாசித்து மகிழ வேண்டும் என்று எங்கள் மனமெல்லாம் வேண்டுகிறது.

பொன்னாடையும் பூமாலையும் வாடிப்போகும். ஆகவே தங்களுக்கு ஒரு வாக்கைத் தருகிறோம். 2001ஆம் ஆண்டு, காலாண்டுத் தேர்வு முடிந்த வாரத்தில், பொன்னம்மாள் ஆசிரியையின் பொறுப்பில் ஆறாம் அளவை நடைபெறும். ஒன்பது வயதும் பதின்மூன்று வயதும் பதினேழு வயதும் வாசிக்கும். தாங்கள் முன்னிருந்து காண வர வேண்டும். கோடு ஏறியிருந்தால் ஏறியபடி காட்டுவோம். இறங்கியிருந்தால் இறங்கியபடியே காட்டிவிட்டு, யார் உள்ளே வந்திருக்கிறார்கள் என்று பெயர் பெயராய்ச் சொல்லுவோம்.

என்றும் தங்கள் அன்பில் நனையும்,
தலைமையாசிரியர், ஆசிரியப் பெருமக்கள், அலுவலகப் பணியாளர்கள், சத்துணவுக் கூடத்தார் மற்றும் பெற்றோர் கழகத்தார்.